நாலாம் பாட்டின் முக்கோணம்

ஆவடியில், பருத்திப்பட்டு ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டில், கூடத்துச் சோபா எந்தச் சுவரையும் ஒட்டி இருக்கவில்லை. நட்டநடுவில், நாற்புறமும் ஆள் சுற்றிவரும்படி, தனித்து நின்றது. முதல்முறையாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளையடிக்கிறீங்களா?" என்று கேட்பது வழக்கம். "இல்லை, பாட்டுக் கேட்கிறார்" என்பாள் பார்வதம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

சோபாவுக்கு முன்னால் மூன்று ஒலிபெருக்கிகள், பின்னால் இரண்டு, மூலையில் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு கனத்த பெட்டி. பின்பக்க இடது ஒலிபெருக்கி நிற்கும் இடத்தில் முன்பு ஃப்ரிட்ஜ் இருந்தது. அது இப்போது படுக்கையறையில் இருக்கிறது. பார்வதம் மருத்துவமனையொன்றில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறருடைய நோயைப் பற்றி உரத்துப் பேசாமலிருக்கப் பழகியவள்.

நோய் அவள் கணவர் ரகுநாதனுக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கில ராக் ஆல்பங்கள் எல்லாம் இரண்டே ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்பட்டவை. ஆனால் மூல நாடாக்களில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே உறங்குகிறது. அவற்றை எழுப்பி, கிடாரை ஒரு மூலையிலும் டிரம்மை இன்னொரு மூலையிலும் அமர்த்தி, கேட்பவரைச் சுற்றி ஒலிக்கும்படி புதிதாகக் கலப்பதற்குச் சரவுண்ட் ரீமிக்ஸ் என்று பெயர். கூட்டில் குழைந்துபோன காய்களை முழுக்காய்களாக மீட்டெடுத்து, இலையின் ஒவ்வொரு மூலையிலும் வைப்பது போன்ற காரியம் அது என்று பார்வதம் விளங்கிக்கொண்டிருந்தாள். சில ஆல்பங்களுக்கு அந்தப் பேறு கிட்டிவிட்டது. ரகுநாதன் காத்திருந்த 'வின்டர் அட் த வெயிட்பிரிட்ஜ்' என்ற ஆல்பத்துக்கு இன்னும் கிட்டவில்லை.

அவர் காத்திருந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அந்த ஆல்பத்தின் நாலாம் பாட்டில், கிடார் ஓய்ந்து டிரம் தொடங்குவதற்கு இடைப்பட்ட அமைதியில், மெல்லிய உலோக ஒலி ஒன்று மூன்றுமுறை கேட்கும். கம்பியை முக்கோணமாக வளைத்துத் தட்டும் ட்ரையாங்கிள் என்ற வாத்தியம் அது என்பது ரகுநாதனின் முடிபு. அவருடைய பழைய கேசட்டில் அது தெளிவாக இருந்தது. பிற்பாடு வாங்கிய ஸிடியில் இல்லை. ஆகவே ஸிடி தயாரித்தவர்கள் அதை இரைச்சல் என்று கருதித் துடைத்துவிட்டார்கள். மூல நாடாவைத் திறந்து சரவுண்டில் கலந்தால், முக்கோணம் தனக்குரிய மூலையில் மீண்டும் எழுந்து நிற்கும். இதை அவர் இணையத்தில், உலகெங்கும் உள்ள ரசிகர்கள் கூடும் மன்றத்தில், பல ஆண்டுகளாக நிறுவிவருகிறார். நார்வேக்காரர் ஒருவர் இடைவிடாமல் மறுத்தார். பெல்ஜியத்துக்காரர் ஒருவர், தமக்கும் மங்கலாகக் கேட்பதாக எழுதினார். அந்த நாள் வீட்டில் பாயசம் வைக்கும்படி ஆயிற்று.

பாயசத்தைக் கிளறியபோது பார்வதத்தின் மனம் அமைதியாக இல்லை. அந்த ஒலி எது என்று உலகிலேயே அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

மணமான புதிதில், தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தபோது, ரகுநாதன் அந்த இசைத்தட்டை மேலதிகாரியிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் வாங்கிவந்தார். இணைப்புக் கம்பி இல்லை. எனவே ரெக்கார்ட் பிளேயரின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, ஜன்னல்களைச் சாத்தி, யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அறிவித்துவிட்டுப் பதிவு செய்தார். யாரும் என்பது அவளைத்தான். நாலாம் பாட்டில் அவரே சமையலறைப் பக்கம் திரும்பி, கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். அவள் ஓசையின்றிக் காபி கலந்தாள். ஓசையின்றி என்றுதான் நினைத்தாள். எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன் மூன்றுமுறை பட்டது.

அன்று மாலை கேசட்டைப் போட்டுக் கேட்டபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் திறந்தாள். "உஷ்! கேள், கேள். என்ன நுணுக்கம்!" என்றார் அவர். மறுவாரம் தொழிற்சாலையில் இருந்த இசை ரசிகர்கள் அனைவருக்கும் அந்த நுணுக்கம் தெரிந்திருந்தது. அதன்பின் சொல்வதற்கு ஏற்ற நாள் ஒன்று வரவே இல்லை.

இந்த ஆண்டு நிலைமை முற்றியது. அந்த உலக மன்றம், சரவுண்டில் வரவேண்டிய ஆல்பம் எது என்று ஊர்வாரியாக வாக்குக் கேட்டது. ஊருக்கு ஒரு வாக்கு. முதலிடம் பெறும் ஆல்பத்துக்காக நாடாக்களின் உரிமையாளர்களிடம் முறையாக வேண்டுகோள் வைக்கப்படும். வாக்களித்த ஊர்களின் கருத்துரையும் உடன் செல்லும். ஆவடியின் கருத்துரையை ரகுநாதன் எழுதியே முடித்துவிட்டார். அதில் முக்கோணத்தைப் பற்றி மட்டும் நான்கு பத்திகள். அது இங்கிலாந்து போய், யாரோ ஓர் ஒலிப்பொறியாளர் நாடாவைத் திறந்து, அங்கே ஒன்றுமில்லை என்று உலகறிய எழுதினால் இந்த மனிதர் என்ன ஆவார் என்பதே பார்வதத்தின் கவலை. நார்வேக்காரர் வேறு இருக்கிறார்.

ஆவடி வட்டார சரவுண்ட் ரசிகர் மன்றத்தில் மொத்தம் மூன்றே உறுப்பினர்கள். ரகுநாதனைத் தவிர, அம்பத்தூரில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை வைத்திருந்த யூசுப் ஒருவர்; பாரிவாக்கத்தில் பரம்பரை நிலத்தின் ஒரு பகுதியை மனையாக்கி, மீதியில் இன்னும் கீரை போட்டுவந்த ஜம்புலிங்கம் இன்னொருவர். யூசுப்பின் தேர்வு 'செவன் டின் ரூஃப்ஸ்'. ஜம்புலிங்கத்தின் தேர்வு 'த பிஷப்ஸ் டிராக்டர்'. பாலிடெக்னிக் விடுதியில் படித்த காலத்தில், அட்டையில் டிராக்டர் இருந்ததை நம்பி அவர் வாங்கிய ஆல்பம் அது. உள்ளே டிராக்டரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று அறிந்தபிறகும் அவருடைய அன்பு குறையவில்லை.

வாக்குச் செலுத்துவதற்கான கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப்பின் மூவரும் கூடத்தில் கூடினார்கள். விதிகளை ரகுநாதனே வகுத்திருந்தார். தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் காலம் முழுவதும் இருந்தவர் அவர். அங்கே ஓர் உதிரிபாகத்தைக் கடைந்தவரே அதைச் சரியென்று ஒப்புக்கொள்ள முடியாது. இன்னொருவர்தான் பார்த்து ஒப்பமிட வேண்டும். ஆகவே மன்றத்தின் முதல் விதி, தான் முன்மொழிந்த ஆல்பத்துக்குத் தானே வாக்களிக்கக் கூடாது என்பது. இரண்டாவது, முழுதும் கேட்காத ஆல்பத்தைப் பற்றி வாக்களிக்கக் கூடாது. மூன்றாவது, காரணம் கூறாமல் எதையும் நிராகரிக்கக் கூடாது.

விதிகள் அப்பழுக்கற்றவை. விளைவு மட்டும் சரியாக வரவில்லை. ரகுநாதன் யூசுப்பின் ஆல்பத்துக்கு வாக்களித்தார்; யூசுப் ஜம்புலிங்கத்தினுடையதற்கு வாக்களித்தார்; ஜம்புலிங்கம் ரகுநாதனுடையதற்கு வாக்களித்தார். ஆளுக்கொரு வாக்கு. மறுமுறை நடத்தினார்கள். இம்முறை மூவருமே மனத்தை மாற்றிக்கொண்டதால், வட்டம் எதிர்த்திசையில் சுற்றி மீண்டும் ஆளுக்கொரு வாக்கு விழுந்தது.

"சார் ரூல் போட்டாரு, ரூல்லயே மாட்டிகினாரு" என்றார் யூசுப்.

"விதியில் தவறில்லை, யூசுப். வாக்காளர்கள்தான் குறைவு."

"அண்ணாத்தே, மூணு பேரும் இப்புடியே சுத்திகினு இருந்தா, அந்த இங்கிலீஷ்காரன் கடைய சாத்திகினு ஊட்டுக்குப் போயிடுவான்" என்றார் ஜம்புலிங்கம். "நாலாவதா ஒரு ஆள இட்டுகினு வாங்க."

"யாரை அழைப்பது? மூன்று ஆல்பங்களையும் முழுதாகக் கேட்டவராக இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அப்படி வேறு யார் இருக்கிறார்கள்?"

யூசுப் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார். "நம்ம அக்கா கீறாங்களே சார். அவங்க கேக்காததா?"

ரகுநாதன் சிந்தித்தார். சுவருக்கு அப்பால் இருந்து கேட்பது கேட்பதாகுமா என்ற ஐயம் எழுந்தது. விதியில் இடம் குறிப்பிடப்படவில்லை என்று அவரே தீர்ப்பளித்தார். அவருடைய முகம் மலர்ந்தது. தம்முடைய மனைவி தம்முடைய ஆல்பத்துக்கன்றி வேறு எதற்கு வாக்களிப்பாள்?

பார்வதம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்றாள். நடுச்சோபாவில் உட்காரச் சொன்னார்கள். வீடு கட்டிய நாளிலிருந்து அவள் அதில் உட்கார்ந்ததில்லை, நன்றாகத்தான் இருந்தது. மூன்று ஆண்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கணவருடைய ஆல்பத்துக்கு வாக்களித்தால், நான்கு பத்திகளும் இன்றே கடல் கடக்கும். அவள் தொண்டையைச் செருமினாள்.

"என் ஓட்டு யூசுப் தம்பியோடதுக்கு."

யூசுப் நெஞ்சில் கை வைத்தார். ஜம்புலிங்கம், "ஆத்தாடி!" என்றார். ரகுநாதன் எதிர் நாற்காலியில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி அணிந்துகொண்டார். தொழிற்சாலையில் பொருள் கொண்டுவந்த ஒப்பந்தக்காரர்கள் அஞ்சி நடுங்கிய செய்கை அது.

"நல்லது. வெயிட்பிரிட்ஜை நிராகரிக்கிறாய். காரணம்?"

"நீளம் அதிகமாக இருக்கிறது."

"ஜம்புவினுடையது இதைவிட நீளம். யூசுப்பினுடையது இதே நீளம். காரணம் செல்லாது."

"பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது."

"அது அவருடைய பாணி."

"கடைசிப் பாட்டில் ரொம்ப அழுகிறார்."

"அவருடைய மனைவி அவரை விட்டுப் பிரிந்துபோன சமயம் அது."

"காரணம் சொல்லிவிட்டுப் போனாளா, சொல்லாமலேயே போனாளா?"

ஜம்புலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி, நல்லா கேட்டம்மா!"

ரகுநாதன் சிரிக்கவில்லை. "பார்வதம், நீ எதையோ மறைக்கிறாய். குறை இருந்தால் சொல். இல்லையென்றால் இல்லை என்று சொல். நான் இதற்காக எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த முக்கோணம் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் போதும். இந்த இருவரும் என் காதைப் பற்றிச் செய்யும் கேலி அன்றோடு தீரும்."

"நாங்க எங்க சார் கேலி பண்ணோம்?" என்றார் யூசுப். "முக்கோணம் சார்னு கூப்ட்டது ஒரு மரியாதைக்கு."

கணவருடைய குரலில் இருந்த தவிப்புத்தான் பார்வதத்தின் வாயைத் திறந்தது. மருந்துச் சீட்டைப் படித்துக்காட்டும் குரலில் அவள் சொன்னாள்:

"அது முக்கோணம் இல்லை. டம்ளர். நீங்கள் ரெக்கார்டு பண்ணும்போது காபி கேட்டீர்கள். நான் கலந்தேன்."

ஜம்புலிங்கம் யூசுப்பைப் பார்த்தார்; யூசுப் ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

"நான் கேட்டேனா?" என்றார் ரகுநாதன்.

"வாயால் கேட்கவில்லை. கட்டைவிரலைக் காட்டினீர்கள்."

"எந்த டம்ளர்?"

"எங்கள் அப்பா பெயர் வெட்டின டம்ளர். உள்ளேதான் இருக்கிறது."

யூசுப்புக்கு முதலில் சிரிப்பு வந்தது. ரகுநாதனின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். ஜம்புலிங்கம், "உடு நைனா. எங்க ஊட்ல இதவிட பெருசா ஒடச்சிருக்காங்க" என்று ஆறுதல் சொன்னார். பார்வதம் கணவரைப் பாராமல் தரையைப் பார்த்தாள். சோபா நகராமலிருக்க அவர் இட்ட சுண்ணக்கட்டிக் கோடுகள் காலடியில் தெரிந்தன.

ரகுநாதன் எழுந்தார். குலைந்துபோன மனிதர் எழுவதுபோல அவர் எழவில்லை.

"வாய்மொழியை ஆய்வாக ஏற்க முடியாது. மாதிரியைக் கொண்டுவா."

சோதனை முறைப்படி நடந்தது. அலமாரியிலிருந்து கேசட் இறங்கியது. பார்வதம் டம்ளரோடு சமையலறையில், அன்று நின்ற தொலைவை நினைவுகூர்ந்து, மேடையோரம் நின்றாள். வெறும் டம்ளரா, காபி இருந்ததா என்ற கேள்வி எழுந்தது. இருந்தது என்றாள். எவ்வளவு என்று ரகுநாதன் கேட்டார். முக்கால் டம்ளர் காபி கலந்து முடியும்வரை மன்றம் காத்திருந்தது. ஸ்பூன் விஷயத்தில் சிறிது தகராறு எழுந்தது. அன்றைய ஸ்பூன் தொலைந்துபோய்விட்டதால், பார்வதம் சொன்ன அளவில் ஒன்றை யூசுப் தேர்ந்தெடுத்தார். கேசட் ஒலித்தது: கிடார் ஓய்ந்தது, டிங், டிங், டிங், டிரம் தொடங்கியது. ரகுநாதன் நாடாவை நிறுத்திக் கையை உயர்த்தினார். பார்வதம் கலக்கினாள். டிங், டிங், டிங்.

"இன்னொரு தபா போடுங்க சார்" என்றார் யூசுப், மெல்லிய குரலில். போட்டார்கள். ஐயத்துக்கு இடமே இல்லை.

"ஒத்துப்போகிறது" என்றார் ரகுநாதன்.

பார்வதம் டம்ளரைப் பிடித்தபடியே சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். அவர் என்ன ஆவாரோ என்று அவள் அஞ்சிக் காத்திருந்த கணம் இதுதான். ரகுநாதன் இரண்டு நண்பர்களையும் மாறிமாறிப் பார்த்தார். அவருடைய கண்களில் ஒளி ஏறிக்கொண்டிருந்தது.

"ஆக, ஒலி இருந்தது."

"இருந்துச்சு சார். ஆனா அது வந்து..."

"இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சு."

"ஜம்பு, நீ என்ன சொன்னாய்? என் காதில் வண்டு என்று சொன்னாய்."

"சொன்னேன், அண்ணாத்தே."

"யூசுப், நீ? நாடாவில் அழுக்கு என்றாய். என் காதும் சரி, என் நாடாவும் சரி. ஒலி இருந்தது. நான் கேட்டேன். மூன்றுமுறை என்றேன், மூன்றுமுறைதான். உலோகம் என்றேன், உலோகம்தான். மூலத்தை இனங்காண்பதில் மட்டுமே சிறு பிழை நேர்ந்திருக்கிறது. அதற்கு வேண்டிய சான்று எனக்கு இன்றுதான் தரப்பட்டது." இதைச் சொல்லும்போது பார்வதத்தின் பக்கம் ஒரு பார்வை வந்தது. குற்றஞ்சாட்டும் பார்வை அன்று. வேலைக்குத் தாமதமாக வந்தாலும் வந்துசேர்ந்த ஒருவரைப் பார்க்கும் பார்வை. "வெயிட்பிரிட்ஜ் நிராகரிக்கப்படுகிறது. காரணம், அந்நியப் பொருள் கலந்திருந்தது."

"அப்போ பெல்ஜியம்காரனுக்கு இன்னா சார் கேட்டுச்சு?" என்றார் யூசுப்.

ரகுநாதன் யோசித்தார். "அவரும் காபி குடிப்பவராக இருக்கலாம்."

பார்வதம் காபியை வாசற்படியில் நின்றபடி தானே குடித்தாள். இத்தனை காலமும் இந்த மனிதரை அவர் தாங்கமாட்டார் என்று காப்பாற்றிவந்ததில், பாதியாவது வீண் உழைப்பு என்று அவளுக்குத் தோன்றியது. பொருள்களை நிராகரிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர், தம் பொருளையே நிராகரிக்கும் வாய்ப்பு வந்தபோது பதவி உயர்வு பெற்றவரைப்போல நிமிர்ந்து நின்றார்.

கணக்கை முதலில் கண்டுகொண்டவர் யூசுப். அவருடைய முகம் மாறியது. "சார், உங்க ஆல்பம் இல்லேன்னா, மிச்சம் ரெண்டுதான். அக்கா ஓட்டு?"

"நான் வாபஸ்" என்றாள் பார்வதம். "பால் அடுப்பில் இருக்கிறது."

"அப்போ நான் ஜம்பண்ணனுக்குத்தான் போட முடியும். ஜம்பண்ணன் எனக்குத்தான் போட முடியும். முடிவு பண்றது..."

"நான்" என்றார் ரகுநாதன். நடுச்சோபாவில் போய் அமர்ந்தார்.

அடுத்த நிமிடமே கேலி செய்தவர்கள் இருவரும் வேறு மனிதர்களானார்கள். ஜம்புலிங்கம் வலப்புறமிருந்து, "ஐயா ரகுநாதா, உன்ன மாதிரி காது இந்த ஆவடி ரோட்ல எவனுக்குக் கீது? பொன்னாங்கண்ணி நாளைக்கே அனுப்புறேன். டிராக்டர்ல ரெண்டு டிரம்மு நைனா, ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால வெச்சிப் பாரு!" என்றார். யூசுப் இடப்புறமிருந்து, "கீரைக்கு ஓட்டா சார்? நீங்க நேர்மையான ஆளு. அந்த பின்பக்க ஸ்பீக்கருக்கு நான் வேற ஒயரு போட்டுத் தர்றேன், அது தனி" என்றார். பதில் வராததால் ஜம்புலிங்கம் பின்பக்கம் சுற்றிவந்து தோளுக்குப் பின்னாலிருந்து மன்றாடினார். யூசுப் முன்னால் வந்து மண்டியிட்டார். குரல்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தன. ரகுநாதன் கண்களை மூடி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சோபாவில் அவர் இவ்வளவு நிறைவாக அமர்ந்து பார்வதம் கண்டதில்லை.

"தகுதியை மட்டும் பேசுங்கள்" என்றார் கடைசியில். "யூசுப், உன்னுடையதைச் சரவுண்டில் கலப்பதால் பெறுவது என்ன? ஒரே ஒரு காரணம் சொல்."

யூசுப் தயங்கவில்லை. இதற்காகவே பிறந்தவரைப்போலப் பேசினார். "சார், மொதமொதல்ல எனக்கு அந்த ஆல்பத்த கேசட்டுல புடிச்சிக் குடுத்ததே நீங்கதான், குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ. அதுல மூணாவது பாட்டு முடிவுல, அப்டியே எல்லாம் அடங்கி, தூரத்துல ஒரு நாய் கொலைக்கும் பாருங்க. சார், சொல்லும்போதே புல்லரிக்குது. ஸிடியில அத்தயும் எடுத்துட்டானுங்க, பாவிங்க. அந்த நாய மட்டும் பின்பக்கம் ஒரு மூலையில வெச்சி உட்டான்னு வையுங்க..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. ரகுநாதனின் கண்கள் திறந்தன. அவருடைய தலை மிக மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது.

பார்வதத்துக்கு அந்த நாயைத் தெரியும். தொழிற்சாலைக் குடியிருப்பில் எதிர்வீட்டுச் சொர்ணம் வளர்த்தது. பெயர் டைகர். பால்காரரைக் கண்டால் மட்டும் குரைக்கும்.

"பார்வதம்!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அவள் மிக்ஸியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இல்லை.